பெயரிழந்த ஓவியங்களும் ஓவியமிலாப் பெயர்களும்

சாலொமோன் அரசனின் ஞானத்தைப் புகழவந்த திருமறை, அவன் இயற்றிய நீதிமொழிகளையும் பாடல்களையும் எண்ணிக் கூறியதோடு அமையாது, மரங்களையும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பற்றி அவன் பேசியதையும் தனியே எடுத்தோதுகின்றது. வானளாவும் கேதுருவும் சுவரிடுக்கில் முளைக்கும் சிறு பூண்டும் அவ்வரசனுக்கு ஒருங்கே பேசத்தக்க பொருள்களாயின. ஆதியாகமத்திலும், மனிதனுக்கு முதன்முதல் வாய்த்த பணிகளுள் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுதல் எனக் காண்கின்றோம். அப்பணியில், தமிழ் பயிலும் மாணவராகிய நாம் இன்று எந்நிலையில் நிற்கின்றோம் என்று ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

எம் குறையையே முதற்கண் கூறிவிடுதல் முறை. நெய்தற்றிணைப் பாடல்களை வகுப்பிற் கற்றுத் தேர்வும் எழுதி முடித்த ஒரு மாலைப்பொழுதில், தூத்துக்குடிக் கடற்கரையில் எம் பாட்டியாருடன் அமர்ந்திருந்தோம். அத்தேர்வில் நெய்தல் நிலத்துப் பூக்களைப் பற்றிய வினா ஒன்றிருந்தது. அடும்பின் இலை நடுவே பிளவுபட்டு இரு கூறாய்த் தோன்றும் என்றும், அது மணலிற் படரும் கொடி என்றும் யாம் விரிவாக விடையெழுதி, அதற்குரிய மதிப்பெண்களையும் குறைவறப் பெற்றோம். அப்பூவைக் கண்டதுண்டோ என்று பாட்டியாரை அன்று வினவினோம். அவர் எம்மை ஏற இறங்க நோக்கி, "அது மேலதான மக்கா உக்காந்திருக்க, இதுதான் அடம்பங்கொடி" என்று கூறி நகைத்தார். குனிந்து நோக்கினோம். ஏட்டில் எழுதிய அடும்பு எம் காலடியிற் பூத்துக் கிடந்தது. பிறந்த நாள் முதல் அதன்மீது நடந்து வந்திருக்கின்றோம்; அதன் பெயரையும் ஈராண்டுகளாகப் படித்து வந்திருக்கின்றோம்; இரண்டும் ஒன்றேயென அறிந்திலோம்.

இந்நாணம் எமக்கு மட்டும் உரியதன்று என்பது பின்னர்ப் புலனாயிற்று. நம் மொழியிற் சொற்களுக்குக் குறைவில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு ஒன்றே தொண்ணூற்றொன்பது மலர்களை நிரல்பட அடுக்கிக் கூறுகின்றது. ஆனால் அகராதியைப் புரட்டிப் பார்ப்பார்க்கு, அத்தகைய பழஞ்சொற்கள் பலவற்றினெதிரே 'ஓர் மரம்' என்றும் 'ஓர் பூண்டு' என்றும் பொருள் எழுதியிருப்பது கண்ணிற்படும். நெய்தல் நிலத்து ஞாழல் இன்னமரம் என்று துணிவதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். சிற்றுயிர்களின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. தும்பி, சுரும்பு, ஞிமிறு, அளி என்பனவற்றையெல்லாம் நிகண்டுகள் வண்டின் பெயர் என ஒரே கட்டாகக் கட்டிவைத்துள்ளன. பழம் பாடல்களில் பூவில் தாது ஊதிய தும்பி, இன்று சிறுவர் வாலிற் கயிறு கட்டி விளையாடும் தட்டானுக்குப் பெயராய் வழங்குகின்றது. பாடிய புலவன் இவற்றை வேறுவேறாகக் கண்டே வேறுவேறாகப் பெயர் கூறியிருத்தல் வேண்டும். கண்ட கண் மறைந்தது. சொல் மட்டும் எஞ்சியது. அச்சொல்லின் அருகே ஒரு சிறு படம் இருந்திருப்பின், உரையாசிரியர்க்கும் நமக்கும் இத்துணை இடர்ப்பாடு நேர்ந்திராது.

ஏட்டிற் படமின்றேனும், நிலத்திற் சில சுவடுகள் உள. முத்துக்குளித்துறையின் ஊர்ப்பெயர்களைச் சிறிது எண்ணிப் பாருங்கள். புன்னைக்காயலின் பெயரிற் புன்னை நிற்கின்றது. உமரிக்காட்டின் பெயரில், உவர்நிலத்திற் சிவந்து படரும் உமரி நிற்கின்றது. முள்ளக்காடும் அத்தகையதே. ஊருக்குப் பெயரிட்ட முன்னோர் தாம் கண்ட செடியையே எல்லைக்கல்லாக நட்டனர். பேருந்தில் அவ்வூர்களைக் கடந்து கல்லூரிக்கு வரும் நம்முள், உமரியை அடையாளங் காட்ட வல்லார் எத்துணைப் பேர்?

இனி, இதன் மறுபுறத்தைக் காண்போம். நம் சொற்கள் படமின்றிக் கிடந்த அக்காலத்தில், கடல் கடந்து வந்தோர் நம் செடிகளையும் பூச்சிகளையும் படமெழுதத் தலைப்பட்டனர். தூத்துக்குடியை 1658-ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனியார், கொச்சியிலும் ஆட்சி நிறுவினர். அங்கே ஆளுநராயிருந்த வான் ரீடு என்பார், மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரிற் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 742 செடிகளைக் கூறுவது. அதன் படங்களில் இலத்தீன் எழுத்துடன் மலையாள எழுத்திலும் செடியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. செடிகளின் பெயரையும் பயனையும் கூறிய இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் சான்றுரையும் அந்நூலிலேயே இடம்பெற்றது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், மணிலால் என்னும் தாவரவியற் பேராசிரியர் அதனை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்த்தளித்தார். படமும் பெயரும் கூறியவர் குரலும் ஓரிடத்தில் நின்றமையால், அந்நூலை அண்டை நாட்டார் தம்முடையதென உரிமை கொண்டாட முடிகின்றது.

கிழக்குக் கரைக்கு அத்தகைய பேறு முழுமையாக வாய்த்திலது. ராக்ஸ்பரோ என்பார் வெளியிட்ட சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய நூல், 1795-ஆம் ஆண்டிற் றொடங்கி மூன்று தொகுதிகளில் முந்நூறு படங்களைக் கொண்டது. அவர் தெலுங்கு நாட்டில் உறைந்தவராதலின் தெலுங்குப் பெயர்களைக் குறித்துவைத்தார். ஆனால் அப்படங்களை எழுதிய இந்திய ஓவியர் யாவர் என்பதை அந்நூல் நமக்கு உரைக்கின்றிலது.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு மிக அணுகிய தொடர்புடையவர் இராபர்ட் ஒயிட் என்னும் ஸ்காத்துலாந்து மருத்துவராவார். 1819-ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்த இவர், தாம் பணியாற்றிய படையுடன் பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து தங்கியதும், குற்றால மலையிற் செடிகள் திரட்டியதும் உண்டு. இவர் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட 'ஐக்கோனேஸ்' என்னும் நூலில் 2101 படங்கள் உள. அவை சென்னையிலேயே கல்லச்சில் அச்சிடப்பட்டவை. அவற்றுட் பலவற்றின் அடியில், மிகச் சிறிய எழுத்தில் இரண்டு பெயர்கள் மாறிமாறி வருகின்றன. ஒன்று இரங்கையா, மற்றொன்று கோவிந்து. இவ்விருவரே ஒயிட்டின் ஓவியர்கள். முன்னவர் 1845-ஆம் ஆண்டையொட்டி ஓய்ந்தபின், பின்னவர் அப்பணியை ஏற்றார்.

இவர்தம் படங்களை யாம் நூலகத்துக் கணிப்பொறித் திரையிற் கண்டோம். ஓர் இலையின் நரம்பையும் விடாது வரைந்திருக்கின்றனர். படத்தின் அடியில், பூவைப் பிளந்து அதன் கேசரங்களையும், சூலகத்தைக் குறுக்கே அறுத்து அதன் அறைகளையும், விதையைப் பெரிதாக்கி அதனுள் உறங்கும் முளையையும் தனித்தனியே காட்டியிருக்கின்றனர். அழகு கருதி ஒன்றைக் கூட்டவுமில்லை. அருமை கருதி ஒன்றை விடவுமில்லை. தாம் கண்ட ஓவியங்களுள் எது தமக்கு உவப்பானது என்றோ, எத்துணை ஊதியம் பெற்றோம் என்றோ அவர்கள் எழுதிவைத்ததாக யாம் கண்டதில்லை. ஒயிட் நன்றி மறவாதவர். ஓர் ஆர்க்கிடுச் செடியினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டி, 1853-ஆம் ஆண்டில் 'கோவிந்துவியா' என வழங்கினார். எனினும் அச்செடி முன்னரே வேறொரு பெயர் பெற்ற இனத்தைச் சார்ந்ததென அறிஞர் முடிவு செய்தமையின், அப்பெயர் வழக்கொழிந்தது. எழுநூறு அளவிலான மூலப் படங்கள் எடின்பரோ நகரத்து அரச தாவரத் தோட்டத்திற் காக்கப்படுகின்றன. ஹென்றி நோல்ட்டி என்னும் அறிஞர் 2007-ஆம் ஆண்டில் ஒயிட்டையும் இவ்விரு ஓவியரையும் பற்றி மூன்று நூல்கள் வெளியிட்ட பின்னரே உலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது. தம் நாட்டார் செய்யவேண்டிய நன்றிக்கடனை வேற்று நாட்டார் ஒருவர் செய்தார் என்க.

பூச்சிகளின் கதை இதனினும் சுவையுடையது. பூச்சிகளை அவை உண்ணும் செடியோடு சேர்த்து, முட்டை, புழு, கூடு, சிறகு முளைத்த நிலை என அனைத்தையும் ஒரே தாளிற் படமெழுதும் முறைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தவர் மரியா சிபில்லா மெரியன் என்னும் மாதரசியார். இவர் 1699-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குக் கடல் கடந்து சென்று, 1705-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பூச்சிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதில் ஒரு படம் நம் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் பூக்கும் மயிற்கொன்றை. அப்படத்துக்கு அவர் எழுதிய குறிப்பில், அந்நாட்டு அடிமைப் பெண்கள் தம் மக்களும் அடிமைகளாய்ப் பிறத்தலை விரும்பாது, அதன் விதையைக் கொண்டு கருவைப் போக்கினர் என்னும் செய்தியை, அப்பெண்களே தமக்குக் கூறியதாகப் பதிந்துள்ளார். படம் மட்டும் இருந்திருப்பின் அஃது ஓர் அழகிய பூ. கூறியவர் சொல்லும் உடனிருந்தமையால் அது வரலாறாயிற்று. அச்சொல்லை ஒருமுறை படித்தவர் அப்பூவை முன்போற் பார்த்தல் இயலாது.

நம் நாட்டிற் பூச்சிகளைத் தேடித் திரட்டியோருள் முதன்மையானவர் தரங்கம்பாடி மிஷனைச் சார்ந்தோரே. 1768-ஆம் ஆண்டில் அங்கு மருத்துவராய் வந்த கோனிக் என்பார், சுவீடன் நாட்டு லின்னேயஸின் மாணாக்கர். அவரும், அவர்வழிச் செடி பயின்ற குருமார்களும் திரட்டிய பொருள்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அங்கே அப்பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர் ஜோகன் கிறிஸ்தியான் பெப்ரீஷியஸ். இவரை, வேதத்தைத் தமிழிற் பெயர்த்த ஜோகன் பிலிப் பெப்ரீஷியஸ் ஐயருடன் மயங்குதல் கூடாது. ஒரே காலத்தில் ஒரு பெப்ரீஷியஸ் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து அகராதி செய்ய, மற்றொரு பெப்ரீஷியஸ் தமிழ்நாட்டுப் பூச்சிகளுக்குத் தமிழறியாது பெயரிட்டது வியப்பன்றோ? மாமரத்து இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் முசுறும் 1775-ஆம் ஆண்டில் இப் பூச்சியறிஞரிடம் இலத்தீன் பெயர் பெற்றதே.

சொல்லையும் பொருளையும் ஒருங்கே போற்றியவர் ஒருவரும் அக்கூட்டத்தில் இருந்தார். அவர் ராட்லர் ஐயர். 1776-ஆம் ஆண்டிற் றரங்கம்பாடிக்கு வந்து, அறுபது ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்து, 1836-ஆம் ஆண்டில் வேப்பேரியில் மறைந்தவர். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிய அதே கை தமிழ் ஆங்கில அகராதியையும் எழுதியது. அதன் முதற் பகுதி 1834-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செடி பயில்வார் ஒருபுறமும் தமிழ் பயில்வார் மறுபுறமுமாகக் கல்லூரி முற்றத்தில் நாம் பிரிந்து நிற்கும் இந்நாளில், அப்பெரியாரை நினைந்து பார்த்தல் நலம்.

இடத்தையும் சொல்லையும் பிரித்துப் படத்தை மட்டும் கொண்டு சென்றால் விளையும் பிழைக்கும் தரங்கம்பாடியே சான்று தருகின்றது. ஹெர்ப்ஸ்ட் என்னும் ஜெர்மானியர் 1806-ஆம் ஆண்டில் ஒரு புலிவண்டுக்குத் தரங்கம்பாடியின் பெயரைச் சூட்டினார். ஆனால் அவ்வண்டு வட அமெரிக்காவில் வாழ்வது; நம் கடற்கரையில் அது காணப்படுவதில்லை. கிடைத்த இடம் தவறாய்க் குறிக்கப்பட்டமையால் நேர்ந்த பிழை இது. பெயரிடும் நெறிப்படி முதலில் இட்ட பெயர் மாறாதாதலின், இன்றளவும் அமெரிக்க நாட்டு வண்டொன்று தமிழ்நாட்டுத் துறைமுகத்தின் பெயரைச் சுமந்து திரிகின்றது. தரங்கம்பாடிச் சிறுவன் ஒருவனைக் கேட்டிருந்தால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான், கேட்பார்தாம் இலர்.

நம் குடாவின் எதிர்க்கரையில் இப்பணி இன்னும் நன்றாகவே நடந்தது. இலங்கையின் பேராதனைத் தோட்டத்தில் ஓவியராயிருந்த ஹார்மானிஸ் தெ அல்விஸும், அவர் மக்கள் வில்லியம், ஜார்ஜ் என்பவரும், தலைமுறையாகச் செடிகளையும் பூச்சிகளையும் எழுதினர். 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்த, மூர் என்பாரின் இலங்கைப் பட்டாம்பூச்சி நூலுக்கு, புழுவும் கூடும் உண்ணும் செடியுமாக இம்மக்கள் எழுதிய படங்களே அடிப்படையாயின. நம் கரையிலும் நூல்கள் இல்லாமலில்லை. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ஆம் ஆண்டிற் சங்கைப் பற்றிப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பிளெட்சர் என்பாரின் படநூலும் சென்னையில் வெளிவந்தது. கடலடியிற் சிப்பி விளையும் இடங்களைக் குளியாட்கள் 'பார்' என்பர். 'தொல்லாயிரம் பார்' போன்ற அவர்தம் பெயர்களையே ஆங்கிலேயரும் தம் கடற்படங்களில் எழுதிக்கொண்டனர். கண்ணுக்குப் புலனாகாக் கடலடியை உடலால் அறிந்து பெயரிட்ட அவ்வறிவு, முத்தின் விலை காரணமாக ஏட்டிலேறியது. விலையில்லாக் கொடிக்கும் வண்டுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

இதுவரை கூறியவற்றால் எம் கருத்து விளங்கும். நம்மிடம் படமில்லாப் பெயர்கள் தங்கின. பிறர் கையிற் பெயரிழந்த படங்கள் சேர்ந்தன. பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் ஓரிடத்திற் சேர்த்தல் தமிழ் மாணவரின் கடமை என்பதே யாம் வலியுறுத்த விழைவது.

இதற்குச் சிலர் தடை கூறுவர். 'அவ்வோவியங்கள் அயலார் ஆட்சியின் கருவிகள். அவற்றைப் போற்றுதல் ஏன்?' என்பது முதற்றடை. இதில் உண்மை இல்லாமலில்லை. ஒயிட் 1836-ஆம் ஆண்டில் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலிய விளைபொருள்களை ஆராயப் பணிக்கப்பட்டார். அந்நிலாவாரை, திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தையில் வழங்கியது. செடியை அறிதல் கம்பெனிக்கு ஆதாயத்தை அறிதலாயிற்று என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் தூரிகை பிடித்த கை நம் நாட்டார் கை. இரங்கையாவின் உழைப்பை அவர்தம் முதலாளியின் நோக்கங்கொண்டு தள்ளிவிடுவோமாயின், அவருக்கு இரண்டாம் முறை அநீதி இழைத்தவராவோம்.

'கைப்பேசியில் நொடிப்பொழுதில் ஒளிப்படம் எடுக்கலாகும்போது, தூரிகை கொண்டு இடர்ப்படுவானேன்?' என்பது இரண்டாந்தடை. ஒளிப்படம் ஒரு செடியின் ஒரு நாளைக் காட்டும். ஓவியமோ அரும்பு, மலர், காய், விதை என அதன் வாழ்நாள் முழுவதையும் ஒரு தாளிற் காட்டும். மேலும், படமெழுதுபவன் ஒவ்வோர் இதழையும் எண்ணியாகவேண்டும். எண்ணாது எழுதுதல் ஏலாது. யாமே இதனைச் சோதித்துப் பார்த்தோம். அடம்பங்கொடியின் ஒளிப்படங்கள் எம் கைப்பேசியில் நாற்பதுக்கு மேல் இருந்தன. அதனைப் பென்சிலால் எழுத முயன்ற அன்றுதான், அதன் தண்டு கணுதோறும் வேர்விட்டு மணலைப் பற்றுவதைக் கண்டோம். எம் படம் நன்றாய் அமையவில்லை. ஆனால் அக்கொடியை இனி எங்கும் மறவோம்.

'பூச்சி பிடித்தலும் பூ அறுத்தலும் விஞ்ஞான மாணவர் தொழில். தமிழ் மாணவர்க்கு அதில் என்ன வேலை?' என்பது மூன்றாந்தடை. விஞ்ஞான மாணவர் இலத்தீன் பெயரை அறிவர், அதுவே உலகப் பொதுவானது, அதன்றி ஆராய்ச்சியில்லை. எனினும் அப்பெயர், மக்கள் அச்செடியை எங்கே, எதற்காக, எவ்வாறு அழைத்தனர் என்பதைக் கூறாது. வாய்மொழியைக் கேட்டு எழுத்திற் பதிந்து, பழைய நூல்வழக்கோடு ஒப்புநோக்குதல் தமிழ் மாணவரின் தொழிலே. அதனை நாம் செய்யாவிடில் வேறு யார் செய்வர்?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள இருபத்தொரு தீவுகளும் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அவற்றுட் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று கடலில் மூழ்கிவிட்டன. அங்கே பவளப்பாறைகளைப் பல்லாண்டு வெட்டியெடுத்தமை இதற்கொரு காரணமென்பர். பூவரசின் பெயர் பூண்ட தீவு, பெயரளவில் மட்டும் உளது. கரையிலும் இதே நிலைதான். குடை விரித்தாற்போல் தேரிமணலில் நிழல் பரப்பி நிற்கும் உடைமரத்தை, 1834-ஆம் ஆண்டில் ஒயிட்டும் அவர் நண்பர் ஆர்னட்டும் உலகுக்கு அறிவித்தனர். இன்று எங்கு நோக்கினும் சீமைக்கருவேலே செழித்து நிற்பதால், நம் இளைஞர் முள்மரம் எல்லாம் கருவேலம் என்றே எண்ணுகின்றனர். மரம் ஒருபுறம் குறைய, அதன் பெயரும் ஒருபுறம் மறைகின்றது.

எம் பாட்டியார் உப்பளத்தில் நாற்பதாண்டு உழைத்தவர், எழுத்தறியாதவர். அடம்பங்கொடியைக் காட்டிய அன்றே, கரையோரம் நடந்தவாறு மேலும் ஆறு பூண்டுகளைக் காட்டி அவற்றின் பெயர்களைக் கூறினார். அவற்றுள் ஒன்றை ஆடு தின்னாது என்றார்; ஒன்றைப் புளிவிட்டுச் சமைக்கலாம் என்றார்; ஒன்றில் மழைக்கு முன் ஒரு பச்சைப்புழு வந்து அமரும் என்றும், அதனைக் கண்டபின் உப்பை விரைந்து வாருவர் என்றும் கூறினார். விடுமுறையில் வந்து விரிவாக எழுதிக்கொள்வோம் என்று எண்ணி யாம் வாளாவிருந்தோம். கார்த்திகை மாதத்து மழைநாளில் அவர் இறைவன் திருவடி சேர்ந்தார். இன்று அவ்வாறனுள் நான்கின் பெயர்களே எம் நினைவில் உள. ஏனைய இரண்டு பூண்டுகளும் அவ்விடத்திலேயே வளர்கின்றன. யாம் அவற்றருகே சென்று நிற்கின்றோம். அவற்றை எப்பெயரால் அழைப்பதென்று அறிகிலோம். பச்சைப்புழு வந்து அமரும் செடி அவ்விரண்டுள் ஒன்றாகும்.

ஆதலின், நம் கல்லூரியிற் செய்யத்தக்கதாக எளிய ஏற்பாடு ஒன்றை ஆசிரியப் பெருமக்கள் முன் பணிவுடன் வைக்கின்றோம். தமிழ் பயிலும் மாணவர் ஒருவரும் தாவரவியலோ விலங்கியலோ பயிலும் மாணவர் ஒருவரும் இருவரிருவராகக் கூடுக. ஓராண்டில் ஒரு செடியையோ பூச்சியையோ மட்டும் தேர்ந்து, ஒரு தாளிற் படமெழுதுக. அத்தாளின் கீழே இலத்தீன் பெயரும், ஊரார் வழங்கும் பெயரும், நூல்களில் அப்பெயர் வருமாயின் அவ்விடமும், கண்ட ஊரும் நாளும் குறிக்கப்படுக. இறுதியாக, அப்பெயரைக் கூறிய முதியவர் பெயரும், அவர் இசைவு பெற்று, எழுதப்படுக. இரங்கையாவின் பெயரேனும் படத்தின் அடியில் நின்றது. நமக்குச் சொல் தந்தவர் பெயர் எங்கும் நில்லாமற் போதல் நன்றன்று. அத்தாள்கள் நூலகத்தில் ஒரு பேழையிற் சேர்க்கப்படின், பத்தாண்டுகளில் இக்கடற்கரையின் படநூல் ஒன்று தானே உருவாகிவிடும். தேர்ந்த சில படங்களுக்கு இம்மலரின் பத்திராதிபர் இரண்டு பக்கம் ஒதுக்குவாராயின் அதுவே பெருந்தூண்டுதலாகும்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லங்களிற் பாட்டனாரும் பாட்டியாரும் இருப்பாராயின், அவர்களை இவ்வார விடுமுறையிலேயே வாயிற்படிக்கு அழைத்துவந்து, எதிரே நிற்கும் செடிகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறைக்கென ஒத்திவையாதீர்கள். ஒத்திவைத்ததன் பயனை யாம் அறிந்துள்ளோம்.

தமிழில் 1578-ஆம் ஆண்டில் அச்சேறிய தம்பிரான் வணக்கத்தை ஆக்கிய அண்டிரிக்கு அடிகளார், இம்முத்துக்கரையில் வாழ்ந்து, இக்கரை மக்களிடமே தமிழ் பயின்றவர். கேட்டு எழுதுதல் இக்கரைக்குப் புதிதன்று. அன்று ஒரு வேற்று நாட்டார் நம் மக்களிடம் கேட்டார். இன்று நாம் நம் மக்களிடம் கேட்போமாக. ஒரு மாணவர் எழுதும் ஒரு படம் சிறிதே. ஆனால் அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் முன்னோர் பழமொழி. அக்கொடியின்மீது அமர்ந்திருந்தும் அதனை அறியாதிருந்த எம்போல்வார்க்கு, அப்பழமொழியினும் பொருத்தமான அறிவுரை வேறில்லை.